வளையும் சுவர்களும் அகலும் முகங்களும்: வீட்டு வீடியோவில் அகலக்கோண லென்ஸ் திரிபைச் சரிசெய்வது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் குடும்ப விழாக்களின் வீடியோக்களைத் தொகுத்துக் கொடுக்கும் வேலையில் இருக்கும் எனக்கு, ஒரே கேள்வி பல வடிவங்களில் வந்துகொண்டே இருக்கிறது: "வீட்டை நேராகத்தானே கட்டியிருக்கிறோம், வீடியோவில் மட்டும் சுவர் ஏன் வில்லாக வளைகிறது?" இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் தொழில்முறைக் கேமராக்காரர்கள் அல்லர், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கூடத்தில் கூடிய சொந்தக்காரர்கள் அனைவரையும் ஒரே ஃபிரேமுக்குள் அடக்க வேண்டியிருந்ததால், கைப்பேசியின் அகலக்கோண லென்ஸையோ ஒரு சிறிய ஆக்‌ஷன் கேமராவையோ நம்பியவர்கள். அவர்களுக்கு நேரில் சொன்ன பதில்களை இங்கே எழுத்தில் தருகிறேன்.

என் வீடியோவில் இருப்பது லென்ஸ் திரிபுதான் என்று எப்படி உறுதிசெய்வது?

கொத்தனார் சுவர் எழுப்பும்போது நூல் பிடித்துப் பார்ப்பதைப் போலவே பார்க்க வேண்டும். வீடியோவை ஓரிடத்தில் நிறுத்தி, கதவு நிலை, ஜன்னல் கம்பி, சுவரும் கூரையும் சேரும் விளிம்பு என்று நிஜத்தில் நேராக இருக்கும் ஒரு கோட்டைத் திரையில் தேடுங்கள். அதன் இரு முனைகளுக்கும் இடையே ஒரு தையல் நூலை இழுத்துத் திரையின்மீது பிடித்தால், நடுவில் கோடு நூலை விட்டு விலகுகிறதா என்பது உடனே தெரிந்துவிடும். கோட்டின் நடுப்பகுதி ஃபிரேமின் ஓரத்தை நோக்கிப் புடைத்திருந்தால் அது பேரல் டிஸ்டார்ஷன் எனப்படும் பீப்பாய்த் திரிபு. மையத்தை நோக்கி உள்வாங்கியிருந்தால் அதற்கு நேர்மாறான பின்குஷன் திரிபு. அகலக்கோண லென்ஸில் பெரும்பாலும் நாம் காண்பது முதல் வகையே.

சோதிக்கும் கோடு ஃபிரேமின் ஓரத்தில் இருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. மையத்தின் வழியாகச் செல்லும் கோட்டைச் சாதாரணத் திரிபு வளைப்பதில்லை. டச்சுக்காரர்கள் 1693 முதல் 1699 வரை புதுச்சேரியை வைத்திருந்தபோது போட்ட கட்டம் கட்டமான திட்டத்தின் வழிவந்த நேர் வீதிகளில் ஒன்றின் நடுவே நின்று, வீதியின் மறுகோடியைப் பார்த்து வீடியோ எடுத்துப் பாருங்கள். வீதியோரக் கோடுகள் எல்லாம் மையத்தை நோக்கியே ஓடுவதால், மோசமான லென்ஸும் குற்றமற்றது போலத் தோன்றும். அதே இடத்தில் பக்கவாட்டில் திரும்பி, தாழ்வாரம் வைத்த ஒரு பழைய தமிழ் வீட்டின் முகப்பை எடுத்தால், ஓரத்துத் தூண் உண்மையைச் சொல்லிவிடும்.

கடற்கரைச் சாலையில் எடுத்த வீடியோவில் தொடுவானம் வளைந்திருக்கிறது. பூமி உருண்டையாக இருப்பதுதானே காரணம்?

இல்லை. கடற்கரையில் நிற்கும் ஒருவரின் கண் உயரத்திலிருந்து தொடுவானம் ஏறக்குறைய நாலரை கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து பூமியின் வளைவு படத்தில் தெரிவதற்கு வழியில்லை. இதை நீங்களே சோதிக்கலாம். காந்தி சிலைக்கு அருகில் நின்றுகொண்டு, கேமராவைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்துத் தொடுவானத்தை ஃபிரேமின் மேற்பகுதிக்குக் கொண்டுவந்தால் அது குடைபோல மேல்நோக்கி வளையும்; கேமராவை மேல்நோக்கித் தூக்கித் தொடுவானத்தைக் கீழ்ப்பகுதிக்குக் கொண்டுவந்தால் அதே கோடு தூளிபோலத் தொங்கும்; நடுவில் வைத்தால் நேராகிவிடும். பூமி அவ்வளவு எளிதில் மனத்தை மாற்றிக்கொள்வதில்லை. தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையிலும் இதே சோதனையைச் செய்யலாம். மறைப்பில்லாத கடல் தொடுவானம், காசு செலவில்லாமல் கிடைக்கும் மிக நீளமான அளவுகோல்.

லென்ஸ் ஏன் இப்படிச் செய்கிறது? குறைபாடுள்ள லென்ஸ் என்று பொருளா?

குறைபாடு என்பதைவிட ஒரு பேரம் என்பதே பொருத்தம். நேர்கோடுகளை நேர்கோடுகளாகவே காட்ட வேண்டுமானால், மையத்திலிருந்து விலகிய கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்புக்கு ஏற்ப ஒளி, கேமராவுக்குள் படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரில் தள்ளி விழ வேண்டும். 90 பாகையை நெருங்க நெருங்க அந்த மதிப்பு எல்லையின்றிப் பெருகும் என்பதால், மிக அகன்ற காட்சியை அப்படியே தட்டையான ஒரு பரப்பில் அடக்க இயலாது. எனவே ஆக்‌ஷன் கேமரா போன்றவற்றின் லென்ஸ்கள் ஓரப் பகுதிகளைச் சற்று உள்ளே இழுத்துச் சுருக்கி இடம் செய்துகொள்கின்றன. அந்தச் சுருக்கமே கோடுகளை வளைக்கிறது.

இதன் உச்ச வடிவம் ஃபிஷ்ஐ லென்ஸ். 'மீன் கண்' என்ற அந்தப் பெயரை 1906இல் வழங்கியவர் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட். தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு உலகம் எப்படித் தெரியும் என்று அறிய, தண்ணீர் நிரப்பிய வாளியின் அடியில் கேமரா அமைத்துப் படமெடுத்தவர் அவர்.

படத்தில் கோணலாகத் தெரிவதெல்லாம் இந்தத் திரிபுதானா?

இல்லை, பிற கோணல்களையும் லென்ஸ் திரிபு என்று எண்ணி அதே கருவியால் திருத்த முயல்வதால்தான் பலர் மணிக்கணக்கில் அல்லாடுகிறார்கள். கேமராவை அண்ணாந்து பிடித்து ஒரு கோபுரத்தையோ தேவாலயத்தின் மணிக்கூண்டையோ எடுக்கும்போது அதன் இரு பக்கங்களும் மேலே சென்று நெருங்குவது, கேமரா சாய்ந்ததால் வரும் இயல்பான பார்வைக்கோணம். அங்கே கோடுகள் சாய்கின்றனவே தவிர வளைவதில்லை. கேமராவை வேகமாகப் பக்கவாட்டில் திருப்பும்போது மின்கம்பங்கள் சாய்வதும், மோட்டார் சைக்கிளில் பொருத்திய கேமராவில் படம் அல்வாத் துண்டுபோலக் குலுங்குவதும், சென்சார் வரி வரியாகப் படித்து முடிப்பதற்குள் காட்சி நகர்ந்துவிடுவதால் ஏற்படுபவை. மிக அருகில் எடுத்த முகத்தில் மூக்கு பெரிதாகத் தெரிவது தூரத்தின் விளைவு. இரண்டடி பின்னால் போவதைத் தவிர அதற்கு மருந்து இல்லை.

கோடுகளை நேராக்கினேன், ஓரத்தில் இருப்பவர்களின் முகம் அகன்றுவிட்டது. என்ன தவறு செய்தேன்?

நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை; கணக்கே அப்படித்தான். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

லாஸ்பேட்டையில் எங்கள் குடும்பத்துக் காதணி விழா ஒன்றின் பந்தியை, கூடத்தின் ஒரு மூலையிலிருந்து அகலக்கோணத்தில் எடுத்திருந்தேன். வாழை இலைகளின் வரிசை பிறைபோல வளைந்திருந்தது. இரவு முழுவதும் உட்கார்ந்து, கதவு நிலை, இலை வரிசை, சுவரில் மாட்டிய நாள்காட்டியின் விளிம்பு எல்லாவற்றையும் நூல் பிடித்தாற்போல் நிமிர்த்தினேன். மறுநாள் அதைப் பார்த்த பெரியம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வி: "கதவு நேராத்தான் இருக்கு, நான் ஏன்டா பூசணிக்கா மாதிரி இருக்கேன்?" ஃபிரேமின் வலது கோடியில் உட்கார்ந்திருந்தவர் அவர். அவர் இலையில் இருந்த லட்டு முட்டை வடிவத்துக்கு மாறியிருந்தது.

நடந்தது இதுதான். நேர்கோடுகளை நேராகக் காட்டும் படத்தில், மையத்திலிருந்து 45 பாகை விலகி இருக்கும் உருண்டையான பொருள், ஓரத்தை நோக்கிய திசையில் அதன் குறுக்களவைப்போல் 1.41 மடங்கு நீளும். 60 பாகை விலகியிருந்தால் 2 மடங்கு. திருத்தாத ஃபிஷ்ஐ படத்தில் அதே 60 பாகையில் உருண்டையின் இரு அளவுகளுக்கும் உள்ள விகிதம், பெரும்பாலான ஃபிஷ்ஐ லென்ஸ்களில், வகையைப் பொறுத்து ஏறக்குறைய 1.2 முதல் 1.3 வரைதான். அதாவது சுவர் நிமிர்ந்தால் முகம் அகலும். முகம் காப்பாற்றப்பட்டால் சுவர் வளையும். இரண்டையும் ஒரே தட்டைப் படத்தில் முழுமையாகப் பெற முடியாது. கூகுள் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஒரு முறை, முகங்கள் இருக்கும் பகுதியை மட்டும் ஒரு விதமாகவும் பின்னணியை வேறு விதமாகவும் வளைத்து இந்தச் சிக்கலைப் புகைப்படங்களில் தணிக்கிறது. வீட்டில் இருந்தபடி நாம் செய்யும் வீடியோத் தொகுப்பில் அதற்கு ஈடான எளிய வழி, பாதித் திருத்தம்தான்.

என் கருத்தில், குடும்ப வீடியோவில் சுவரைவிட மனிதர்களே முக்கியம். ஆகவே முழுத் திருத்தத்துக்கு உரிய எண்ணைக் கண்டுபிடித்த பிறகு, ஓரத்தில் ஆட்கள் இருக்கும் காட்சிகளில் அதில் பாதியை மட்டும் பயன்படுத்துகிறேன்; ஆட்கள் நடுவில் இருந்து, ஓரத்தில் தூணும் ஜன்னலும் மட்டுமே இருந்தால் முழுவதையும் பயன்படுத்துகிறேன். பாதித் திருத்தத்தில் மிஞ்சும் வளைவை, நூல் பிடித்துப் பார்க்காத எவரும் கவனிப்பதில்லை. ஓரத்தில் இருக்கும் முகத்தையோ, அந்த முகத்துக்கு உரியவர் கட்டாயம் கவனிப்பார்.

பாதித் திருத்தத்தைத் தவிர வேறு வழி இல்லையா?

ஒன்று உண்டு. 18ஆம் நூற்றாண்டில் ரோம் நகரின் உட்கூடங்களை மிக அகன்ற காட்சியாகத் தீட்டிய ஜொவான்னி பவுலோ பன்னினி என்ற ஓவியரின் பெயரால் வழங்கும் பன்னினி வீழ்ப்பு (காட்சியைத் தட்டைப் பரப்பில் விரிக்கும் ஒரு முறை) அது. அதில் செங்குத்துக் கோடுகள் நேராக இருக்கும்; மையத்தை நோக்கி உள்ளே ஓடும் கோடுகளும் நேராக இருக்கும்; குறுக்கே செல்லும் கிடைக்கோடுகள் மட்டுமே வளையும். புதுச்சேரி ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள தூய இருதய ஆண்டவர் பசிலிக்காவின் நடுக்கூடத்தில் பீடத்தை நோக்கி நின்று எடுத்த திருமணக் காட்சிக்கு இது பொருத்தமானது: இருபுறத் தூண்களும் நிமிர்ந்து நிற்கும், இருக்கை வரிசைகள் நேராக ஓடும், ஓரத்தில் நிற்கும் உறவினர்களும் அகலமாட்டார்கள். பந்தி வரிசையைக் குறுக்கே நின்று எடுத்த காட்சிக்கு இது உதவாது. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவியின் வி360 ஃபில்டரில் இந்த வசதி இருக்கிறது. ஆனால் உங்கள் லென்ஸின் காட்சிக் கோணம் எத்தனை பாகை என்று அதற்குச் சொல்ல வேண்டியிருக்கும்.

எவ்வளவு திருத்த வேண்டும் என்ற எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரும்பாலான மென்பொருள்கள் பின்பற்றும் கணக்கு, லென்ஸ் வல்லுநர் கான்ரேடி 1919இலும் பிரவுன் 1966இலும் எழுதியவற்றின் வழிவந்தது. மையத்திலிருந்து உள்ள தூரத்தின் இருமடிக்கு ஒரு கெழு (பெருக்கும் எண்), நான்மடிக்கு ஒரு கெழு என்று வைத்துக்கொள்கிறார்கள். அவையே கே1, கே2. வளைவின் பெரும்பகுதியைக் கே1 தீர்த்துவிடும். மூலைகளில் மிஞ்சும் சிறு வளைவைக் கே2 கவனிக்கும். எஃப்எஃப்எம்பெக்கின் லென்ஸ் திருத்த ஃபில்டரில் பீப்பாய்த் திரிபை நீக்கக் கே1 எதிர்மறை எண்ணாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் கிடைத்த எண்ணை வேறொரு மென்பொருளில் அப்படியே போடக் கூடாது. ஒன்று தூரத்தைப் படத்தின் மூலைவிட்டத்தின் பாதியால் அளக்கும், மற்றொன்று லென்ஸின் குவியத் தூரத்தால் அளக்கும்.

நடைமுறையில் நான் செய்வது இது. குளியலறையில் டைல்ஸ் ஒட்டிய சுவருக்கு நேர் எதிரே, கேமராவை ஸ்டாண்டில் மட்டமாக வைத்து, விழாவில் பயன்படுத்திய அதே ரெசல்யூஷனிலும் அதே லென்ஸ் அமைப்பிலும் பத்து விநாடி எடுத்துக்கொள்கிறேன். டைல்ஸின் இணைப்புக் கோடுகள் ஃபிரேம் முழுவதும் கட்டம் போட்டுத் தருகின்றன. கே1 எண்ணை -0.05 படிகளாகக் கூட்டிக்கொண்டே போய், ஓரத்திலிருந்து இரண்டாவது கோடு நூலோடு பொருந்தும்போது நிறுத்துகிறேன். பிறகு கடைசிக் கோட்டைப் பார்த்துக் கே2 எண்ணைச் சற்றே அசைக்கிறேன். கண்ணுக்கு நேராகத் தெரிந்ததும் நிறுத்தாமல் ஒரு படி தாண்டிப் போய், கோடு உள்ளே வளையத் தொடங்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவது நல்லது. வளைந்த கோட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த கண், சரியான இடத்துக்கு முன்பே திருப்தி அடைந்துவிடும்.

கூடுதல் துல்லியம் வேண்டுவோர் ஓப்பன்சிவி என்ற நிரல் தொகுப்பின் அளவுத்திருத்த வசதியைப் பயன்படுத்தலாம். சதுரங்கப் பலகை வடிவத்தைக் காகிதத்தில் அச்சிட்டு, வளையாத கண்ணாடியிலோ பிளைவுட்டிலோ சுருக்கமின்றி ஒட்டி, பல சாய்வுகளில் பதினைந்து இருபது படங்கள் எடுத்துக் கொடுத்தால், அதுவே எண்களைக் கணித்துத் தரும். கேமராவை விற்றுவிட்டீர்கள் என்றால், பழைய வீடியோவுக்குள்ளேயே ஒரு கதவையோ ஜன்னலையோ தேடிப் பிடிப்பதைத் தவிர வழியில்லை.

எந்த மென்பொருளைப் பயன்படுத்தலாம்?

உங்களிடம் ஏற்கெனவே எது இருக்கிறதோ அதிலேயே தொடங்குங்கள். இலவசமாகக் கிடைக்கும் கேடென்லைவ் மென்பொருளில் ஃபிஷ்ஐ வளைவை நீக்கும் எஃபெக்ட் உண்டு. அடோபி பிரீமியரில் லென்ஸ் டிஸ்டார்ஷன் எஃபெக்டும், சில கோப்ரோ, டிஜேஐ கேமராக்களுக்கென ஆயத்தமான அமைப்புகளும் இருக்கின்றன. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஆப்டிக்ஸ் காம்பன்சேஷன் என்பதைப் போட்டு, திரிபைத் தலைகீழாக்கும் பெட்டியில் டிக் செய்ய வேண்டும். பலர் அந்த டிக்கை மறந்து வளைவை இரட்டிப்பாக்கிவிடுகிறார்கள். டாவின்சி ரிசால்வில் இதற்கான தானியங்கி வசதி, காசு கொடுத்து வாங்கும் ஸ்டுடியோ பதிப்பில் கிடைக்கிறது. கேமராவின் அசைவுத் தரவும் பதிவாகியிருந்தால், இலவசமான ஜைரோஃப்ளோ திரிபு நீக்கத்தையும் நடுக்க நீக்கத்தையும் ஒருசேரச் செய்து தரும்.

திருத்தியதும் ஓரம் வெட்டுப்பட்டு, படமும் மங்குகிறதே?

இரண்டும் தவிர்க்க முடியாதவை. ஆனால் எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். எஃப்எஃப்எம்பெக் கணக்கில் கே1 எண் -0.2, கே2 பூஜ்யம் என்று வைத்தால், 1920 பிக்சல் அகலமுள்ள 16:9 படத்தின் நடு உயரத்தில் இடமும் வலமும் தலா 146 பிக்சல் அளவு காட்சி போய்விடும். மேலும் கீழும் நடுவில் தலா 26 பிக்சல்தான் போகும். மூலையில் மையத்திலிருந்து உள்ள தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு இழப்பாகும். வெட்டாமல் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள விரும்பினால், படத்தின் விளிம்புகளே வளைந்து சுற்றிலும் கறுப்பு நிறம் தெரியும். யாரும் அதை விரும்புவதில்லை.

மங்கலுக்குக் காரணம், ஓரத்தில் இருந்த குறைந்த பிக்சல்களை அதிக இடத்துக்கு இழுத்து நிரப்புவதே. 3840 பிக்சல் அகலமுள்ள 4கே அளவில் எடுத்து, திருத்திய பிறகு 1920 அகலத்துக்குச் சுருக்கினால் இந்த இழப்பு பெரும்பாலும் கண்ணில் படாது. ஓரத்தில் நிறப்பிசிறுகள் இருந்தால் அவற்றை முதலில் நீக்கிவிடுங்கள். நீட்டிய பிறகு அவையும் சேர்ந்தே நீளும்.

நடுக்கத்தை முதலில் நீக்க வேண்டுமா, திரிபை முதலில் நீக்க வேண்டுமா?

திரிபையே முதலில். ஃபிரேமின் மையம் லென்ஸின் மையத்தோடு பொருந்தியிருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் எல்லாத் திருத்தக் கணக்குகளும் நடக்கின்றன. நடுக்க நீக்கம் ஒவ்வொரு ஃபிரேமையும் வெவ்வேறு அளவு நகர்த்தி வெட்டுவதால், அதற்குப் பிறகு மையம் ஊசலாடத் தொடங்கிவிடும். அப்படிப்பட்ட வீடியோவில் திரிபை நீக்கினால், நடுவில் எல்லாம் அமைதியாக இருக்க, ஓரத்துச் சுவர்கள் மட்டும் மூச்சுவிடுவதுபோல் அசையும். மாசிமகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் கூட்டத்தோடு நடந்தபடி எடுத்த ஒரு வீடியோவில் இந்த வரிசையை நான் மாற்றிச் செய்துவிட்டதால், சுவாமிகளுக்குப் பின்னால் இருந்த பந்தல் கால்கள் எல்லாம் ரப்பரால் செய்தவைபோல் நெளிந்தன. படத்தை வெட்டுதல், பெரிதாக்குதல், சாய்வைச் சரிசெய்தல் ஆகிய எல்லாவற்றுக்கும் இதே விதிதான்: திரிபு நீக்கம் முன்னே, மற்றவை பின்னே.

கேமராவே உள்ளுக்குள் நடுக்கத்தை நீக்கிப் பதிவுசெய்திருந்தால் முழுமையான திருத்தம் கைகூடாது. அங்கும் பாதித் திருத்தமே பாதுகாப்பானது.

பழைய ஹேண்டிகேம் கேசட்டுகளில் உள்ள திரிபையும் நீக்க முடியுமா?

முடியும், ஆனால் இரண்டு முன்வேலைகள் உண்டு. இந்தியாவில் புழங்கிய பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில், டிஜிட்டல் கேசட்டுகளின் படம் 720க்கு 576 பிக்சல் அளவில் இருக்கும். அந்தப் பிக்சல்கள் சதுரமானவை அல்ல. அதை அப்படியே வைத்துத் திருத்தினால் வட்டமான கணக்கு நீள்வட்டமான படத்தின்மேல் விழும். 4:3 படமாக இருந்தால் முதலில் 768க்கு 576 என்று மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டாவது, அந்தப் படங்கள் ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரு பாதிகளாகப் பதிவானவை. அவற்றைப் பிரித்து முழு ஃபிரேமாக்காமல் வளைத்தால் இரு பாதிகளும் ஒன்றோடொன்று கலந்து, அசையும் பொருள்களின் விளிம்பு சீப்புப் பற்கள்போல் ஆகிவிடும். பிறகு அதை எந்த வழியிலும் பிரிக்க இயலாது.

அக்காலத்தில் காட்சியை அகலமாக்க லென்ஸின் முன்னால் திருகிப் பொருத்தும் வைடு கன்வர்ட்டர் ஒன்றைப் பலர் பயன்படுத்தினார்கள். அது மரையில் கோணலாக ஏறியிருந்தால் வளைவு ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருக்கும். அப்போது திருத்தத்தின் மையப்புள்ளியை, படத்தின் நட்டநடுவிலேயே விட்டுவிடாமல், சற்றே நகர்த்திப் பார்க்க வேண்டும். சில கன்வர்ட்டர்களில் கோடு நடுவில் புடைத்து இரு முனைகளில் எதிர்ப்பக்கம் சுருண்டு, மீசைபோலத் தோன்றும். கே1, கே2 இரண்டையும் எதிரெதிர் குறிகளில் வைத்தால்தான் அது அடங்கும். ஜூம் செய்துகொண்டே போகும் காட்சிகளில் திரிபும் மாறிக்கொண்டே போகும். அங்கே நான் அதிகம் மெனக்கெடுவதில்லை. ஜூமின் இரு முனைகளிலும் தனித்தனி எண் வைத்து, இடையில் மென்பொருளையே படிப்படியாக மாறவிட்டுவிடுகிறேன்.

கைப்பேசியின் அகலக்கோண லென்ஸுக்கும் இதெல்லாம் தேவையா?

பெரும்பாலும் தேவைப்படாது. ஐஃபோன் 11இல் 2019ஆம் ஆண்டு வந்த 120 பாகை அகலக்கோண லென்ஸ் போன்றவற்றின் வளைவை, படம் சேமிக்கப்படுவதற்கு முன்பே கைப்பேசி கணக்குப் போட்டு நிமிர்த்திவிடுகிறது. ஆகவே கைப்பேசி வீடியோவில் உங்களை உறுத்துவது, வளைந்த சுவராக இருப்பதைவிட அகன்ற முகமாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அப்போது திருத்தம் எதிர்த்திசையில் இருக்க வேண்டும்: எஃப்எஃப்எம்பெக்கில் கே1 எண்ணை 0.05 அல்லது 0.08 என்று நேர்மறையாக வைத்து, வேண்டுமென்றே சிறிது பீப்பாய் வளைவைச் சேர்த்தால் ஓரத்து முகங்கள் ஒடுங்கும். ஓரங்களிலும் மூலைகளிலும் தெரியும் கறுப்பை, படத்தைச் சிறிது பெரிதாக்கி மறைத்துவிடலாம்.

புதுச்சேரிக் கடலில் ஸ்கூபா டைவிங் செய்தபோது எடுத்த வீடியோவுக்கும் இதே எண்ணைப் பயன்படுத்தலாமா?

கூடாது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33. நீருக்குள் மையத்திலிருந்து 45 பாகையில் வரும் ஒளி, நீர்புகா உறையின் தட்டைக் கண்ணாடியைக் கடந்து உறைக்குள் இருக்கும் காற்றுக்கு வரும்போது ஏறக்குறைய 70 பாகைக்கு விலகிவிடும். இதனால் காட்சி குறுகுவதோடு, ஓரத்தில் பின்குஷன் வகை நீட்சியும் சேர்ந்து, லென்ஸின் பீப்பாய் வளைவில் ஒரு பகுதியைத் தானாகவே அழித்துவிடுகிறது. கரையில் கண்டுபிடித்த எண்ணை அதன்மேல் போட்டால் மிகைத் திருத்தம் ஆகும். மீன்களுக்கும் பாறைகளுக்கும் நூல் பிடித்துப் பார்க்க எவரும் வரப்போவதில்லை என்பதால், அந்தக் காட்சிகளை நான் தொடுவதே இல்லை.

வீட்டு வாசலில் உள்ள சிசிடிவி பதிவைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும். வளைவை நீக்கிக் கொடுக்கலாமா?

அசல் கோப்பைத் தொடாமல் அப்படியே கொடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. நீங்கள் திருத்திய படம் அசலாகாது. முகமோ வண்டி எண்ணோ தெளிவாகத் தெரிவதற்காகத் திருத்திய பிரதி ஒன்று வேண்டுமானால், அதைத் தனிக் கோப்பாக, திருத்தியது என்று சொல்லியே கொடுங்கள்.

அடுத்த விழாவை எடுக்கும்போதே இதைத் தவிர்க்க என்ன செய்யலாம்?

கேமராவைச் சாய்க்காமல், உட்கார்ந்திருப்பவர்களின் மார்பளவு உயரத்தில் மட்டமாகப் பிடியுங்கள். தொடுவானம் நடுவில் நேராக இருந்ததைப் போலவே கூடத்தின் முக்கியக் கிடைக்கோடுகளும் அப்போது குறைவாக வளையும். கோப்ரோவில் 2016இல் வந்த ஹீரோ5 முதல் லீனியர் என்ற அமைப்பு இருக்கிறது. வளைவை அதுவே நீக்கிப் பதிவுசெய்யும். இருந்தாலும் பந்தி, குழுப்படம் ஆகியவற்றுக்கு நான் வளைவை நீக்காத வைடு அமைப்பிலேயே எடுக்கிறேன். லீனியரில் வெட்டிய ஓரத்தைப் பிறகு எவராலும் திருப்பித் தர முடியாது, வைடில் எடுத்ததை எவ்வளவு நிமிர்த்துவது என்று பிறகு நிதானமாகத் தீர்மானிக்கலாம்.

மிக அகலமான ஆளையோ, படத்தில் எப்படித் தெரிகிறோம் என்று கவலைப்படும் உறவினரையோ ஓரத்தில் உட்காரவைக்காதீர்கள். ஓரத்துக்குக் குத்துவிளக்கையும் வாழைமரத்தையும் விடுங்கள். எங்கள் வீட்டில் அடுத்து நடந்த வளைகாப்பில், பெரியம்மாவுக்கு நடுவில் ஒரு நாற்காலி போட்ட பிறகுதான் கேமராவை எடுத்தேன்.